ஒன்றும் தெரியாத படம்

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் பீரோவின் தலையில் ஒரு ஸ்கேன் கவர் கிடக்கும். சென்டரின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும், நோயாளியின் பெயர் பேனாவில் கிறுக்கப்பட்டிருக்கும். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் கவரை எறிய யாருக்கும் மனம் வருவதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் புதுக்கோட்டை வழியாகப் போனபோது, வேண்டாம் என்று எச்சரித்தும் கேளாமல், இந்தக் கவர்களிலிருந்து எக்ஸ்ரே பிலிமை உருவிக் கண்ணில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிகளில் நின்றவர்களைப் பார்த்தேன். தாத்தாவின் மார்புக்கூட்டின் வழியாகச் சூரியனைப் பார்த்தார்கள். கண்ணுக்குக் கேடு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பிலிம்களுக்கு அதற்கு முன் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

கவரைவிட உறுதியாக வீட்டில் தங்கிவிடுவது ஒரு வாக்கியம். "படம் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்." இதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். கேட்டவர் காபியை முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். எலும்பு முறிவுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் இந்த வாக்கியம் பெரும்பாலும் சரி. இதயம், ரத்தக்குழாய், மூளை என்று வரும்போது ஆளையே கவிழ்க்கக்கூடியது. இந்த மூன்றின் நோய்களையும் படம் பிடிக்க முயன்றவர்களின் நூற்றுச் சொச்சம் ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி, படத்தில் ஒன்றும் தெரியாதபோது என்ன செய்வது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பு தெரிந்தது, மோதிரம் தெரிந்தது, உடம்பில் பாய்ந்த குண்டு தெரிந்தது. மண்டையைப் படமெடுத்தால் ஓடு மட்டும் விழுந்தது. உள்ளே இருக்கும் மூளைக்கு அந்தக் கதிரில் உருவமே இல்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு பெயரால் கதிரியல் நிலையம் 1934இல் திறந்தபோதும் நிலைமை அதுதான். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் ஒரு சுற்றுவழி கண்டார்: கழுத்துத் தமனியில் மருந்தை ஏற்றினால் மூளை தெரியாவிட்டாலும் மூளைக்குப் போகும் குழாய்கள் தெரியும். இன்னொரு வழி இன்னும் கொடூரமானது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று ஏறி மூளையின் குழிகளை நிரப்பும். கட்டி இருந்தால் குழி கோணலாகத் தெரியும். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி. 1950இல் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் உலகத்துக்கே கையிருப்பு இவ்வளவுதான். மீதியைச் சுத்தியல், குண்டூசி, டார்ச் விளக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மருத்துவரின் கையும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறை மருத்துவர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பிரமிப்போடு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. படம் கைவிட்டதால் நோயாளியைப் பார்த்தார்கள்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவிக்குள் முதல் நோயாளியின் தலை போனது. மண்டையைத் திறக்காமல் மூளை முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. காற்றுக்குக் கழித்தல் 1000, தண்ணீருக்குச் சுழியம் என்று ஓர் அளவுகோலும் வந்தது. இன்று உலகமெங்கும் அந்த எண்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஓடு மட்டும் விழுந்த பழைய படத்தின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எங்கள் தெருவில் பூக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ஒருநாள் காலை நார் கிழிக்கும்போது வலது கை பேச்சுக் கேட்கவில்லை. மகன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து டவுனுக்குக் கூட்டிப்போய் மண்டைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற என்னிடம், "ஒண்ணும் இல்லண்ணே. படம் சுத்தமா இருக்கு. வாயுப் பிடிப்பா இருக்கும்னு அத்தை சொல்லுது" என்றான். எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். சாயங்காலம் வாய் கோணிப் பேச்சு குழறியது. மறுநாள் எடுத்த படத்தில் மூளையின் இடதுபக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

இரண்டு பிலிமும் ஒரே கவரில் இருந்தன. பின்னாளில் தெரிந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் இரண்டாவது படத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதல் படத்தையே வெளிச்சத்தில் பிடித்தார். மூளையின் மேற்பட்டை ஒரு சாம்பல் நிறம், அடியில் உள்ளது இன்னொரு சாம்பல்; இரண்டுக்கும் நடுவே மெல்லிய எல்லை ஓடும். வலதுபக்கத்தில் அந்த எல்லை துணிக்கரை மாதிரி தெளிவாக இருந்தது. இடதுபக்கம் காதுக்கு உள்பக்கமாக ஓர் இடத்தில் மட்டும் மைக்கோட்டில் தண்ணீர் பட்டதுபோல் அது கலங்கியிருந்தது. "இங்கேயே இருக்கு பாருங்க" என்றார். சொன்ன பிறகு தெரிந்தது. அவர் விரலை எடுத்ததும் மறுபடி எனக்குத் தெரியவில்லை.

காரணம் எளிது. மூளைக்குள் ரத்தக்கசிவு என்றால் சி.டி. படத்தில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படிக் காட்டிக்கொடுக்காது. ரத்தம் போகாத திசு மெல்லமெல்லத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் 1 சதவீதம் கூடினால் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் சுமார் இரண்டரை எண் குறையும். ஆயிரக்கணக்கான எண்கள் உள்ள அளவுகோலில் இரண்டரை! முதல் சில மணி நேரம் சாதாரணக் கண்ணுக்கு அந்தப் படம் சுத்தம். மருத்துவர் அவசரமாகச் சி.டி. எடுக்கச் சொல்வதன் முதல் நோக்கம் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது. கசிவு இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஆளைக் கொன்றுவிடும்; இல்லையென்றால் போடலாம். 1995இல் வந்த அமெரிக்க ஆய்வு அதற்குத் தந்த கெடு மூன்று மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆக, பக்கவாதம் தொடங்கிய காலைநேரத்தில் கையில் கிடைக்கும் சுத்தமான படத்துக்கு அர்த்தம் வீட்டுக்குப் போகலாம் என்பதல்ல, ஓடு என்பது. பூக்கடைக்காரரின் மகன் கையில் வைத்திருந்தது அந்தச் சீட்டுதான்.

கலங்கிய அந்த எல்லையைத் தவறவிடாமல் பார்ப்பதற்கென்றே கனடாவின் கால்கரியில் ஒரு குழு 2000இல் பத்துப் புள்ளி மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டது. நடு மூளைத் தமனி ரத்தம் கொடுக்கும் பரப்பைப் பத்து இடங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டிருந்தால் ஒரு மதிப்பெண் கழிக்க வேண்டும். புதுக் கருவி எதுவும் இல்லை. இருக்கிற படத்தை எந்த வரிசையில் பார்ப்பது என்ற ஒழுங்கு மட்டுமே. படவியல் ஆராய்ச்சி என்றதும் நாம் கற்பனை செய்துகொள்ளும் பிரம்மாண்டமான காந்தங்களுக்கு நடுவே, ஒரு தாளில் அடங்கிவிடும் இந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே எங்கள் அம்மனைப் பற்றி ஒரு வார்த்தை. பிரகதாம்பாள் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம். சமஸ்தானம் நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த சின்னச் செப்புக்காசில் அவள் உருவம் இருந்தது. அதனால் அரைக்காசு அம்மன் என்று பெயர். சங்கிலி, சாவி, வீட்டுப் பத்திரம் எது தொலைந்தாலும் வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டால் கிடைத்துவிடும் என்பது ஊரின் நம்பிக்கை; சென்னைவரை பரவிவிட்ட நம்பிக்கை. பூக்கடைக்காரரின் மனைவியும் வெல்லம் வைத்தார், பேச்சுக்காக. கேட்டவர்கள் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். தொலைந்துவிட்டதுபோல் தெரிவதில் எது உண்மையில் இன்னும் தொலையவில்லை என்பதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளாக மூளைப் படவியலின் மையக் கேள்வி.

மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி ரத்தம் ஓடுகிறது. 20க்குக் கீழே போனால் நரம்பணு வேலையை நிறுத்திவிடும்; 10க்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். இருபதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே அணு பேசாது, ஆனால் உயிரோடு இருக்கும். 1981இல் ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் மூவரும் எழுதிய கட்டுரையில் இதற்குக் கிரகணக் கணக்கிலிருந்து புறநிழல் என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். சூரியன் முழுவதும் மறையாத இடம். கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்று நாம் காண்பதில் பாதிக்குமேல் சில நேரம் இந்தப் புறநிழலின் மௌனமாக இருக்கும். ரத்தம் திரும்பினால் கையும் திரும்பும்.

இதைப் படத்தில் பிரித்தறிய முடியுமா என்பதற்கு விடை சொன்ன ஆய்வு 2018இல் வந்தது. கடைசியாக நன்றாக இருந்ததாகப் பார்க்கப்பட்டு 6 முதல் 24 மணி நேரம் ஆகிவிட்டவர்கள், அதாவது பழைய கணக்கில் கைகழுவப்பட்டவர்கள். அவர்களில் செத்த பகுதி சிறியதாகவும் உடல் பாதிப்பு பெரியதாகவும் இருப்பவர்களைப் படத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து, குழாய் வழியாக ரத்தக்கட்டியை இழுத்து எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சொந்தக் காலில் வாழ முடிந்தவர்கள் 49 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் இப்படிப்பட்ட வித்தியாசம் அபூர்வம்.

அதே ஆண்டில் ஹாம்பர்க் குழு நடத்திய இன்னொரு ஆய்வு இதைவிடச் சாமர்த்தியமானது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? இரவு பத்தா, விடியற்காலை ஐந்தா? நாலரை மணி நேரக் கெடுவை எங்கிருந்து எண்ணுவது? எம்.ஆர்.ஐ.யில் ஒருவகைப் படம் அடைப்பைச் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகக் காட்டிவிடும். இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் வெளுக்கச் சில மணி நேரம் பிடிக்கும். முதல் படத்தில் வெள்ளை இருந்து, இரண்டாவது படத்தில் ஒன்றும் இல்லையென்றால்? நாலரை மணி நேரம் இன்னும் ஆகியிருக்காது என்று பொருள். ஊசி போடலாம். போட்டார்கள். நன்றாகத் தேறியவர்கள் 53.3 சதவீதம், போடாதவர்களில் 41.8. வெறும் படத்தைக் கடிகாரமாக்கிவிட்டார்கள்! இவ்வளவு அழகான யோசனையை அண்மைக்கால மருத்துவத்தில் நான் அதிகம் படித்ததில்லை.

இதயத்துக்கு வருவோம். அங்கே வெறும் படம் வேறுவிதமாக ஏமாற்றும். 1958இல் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது படத்துக்கான மருந்து தவறுதலாக நோயாளியின் இதயத் தமனிக்குள்ளேயே பாய்ந்துவிட்டது. ஆள் பிழைத்தார். இதய ஆஞ்சியோ பிறந்தது. இன்று திருச்சிக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துக்கொண்டு வருவது, பழனிக்குப் போய் வருவதுபோல எங்கள் பக்கத்தில் சகஜம். திரும்பி வந்தவர் விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார்: ஒன்றில் 90, ஒன்றில் 70, மூன்றாவது சுத்தம். சுத்தமான அந்த மூன்றாவதில் அவர் வைக்கும் நம்பிக்கையைக் கேட்டால் பயமாக இருக்கும்.

ஏனென்றால் ஆஞ்சியோ காட்டுவது குழாயின் உள்வெளியை மட்டும். நோய் இருப்பது சுவரில். 1987இல் சிகாகோவின் கிளாகோவ் இறந்தவர்களின் 136 இதயங்களை எடுத்துக்கொண்டு இடது முதன்மைத் தமனியை அறுத்துப் பார்த்தார். கொழுப்புப் படிவு சேரச்சேரத் தமனி வெளிப்பக்கமாக விரிந்துகொடுக்கிறது. படிவு சுமார் 40 சதவீதப் பரப்பை எட்டும்வரை உள்வழி சுருங்குவதே இல்லை. அதுவரை எடுக்கும் ஆஞ்சியோ எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். டிரெட்மில்லில் ஓடிச் சபாஷ் வாங்கியவர் அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதையைக் கேட்டு நாம் விதி என்கிறோம். பெரிதாக அடைக்காத படிவு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, அரைமணி நேரத்தில் வழி மூடியிருக்கும். முந்தைய வாரத்து ஓட்டத்தில் அது தெரிந்திருக்க வழியில்லை.

சுவரையே பார்த்துவிட்டால்? சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு நகர்ப்புற மக்களிடையே செய்த ஆய்வில் கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளந்து 2000இல் வெளியிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சராசரியாக 0.95 மில்லிமீட்டர், இல்லாதவர்களுக்கு 0.74. வித்தியாசம் முடியின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்குதான். நம் ஊர்க் கழுத்துகளில், நம் ஊர் அரிசிச் சோற்றில் வளர்ந்த சுவர்களில் எடுத்த அளவு என்பதால் இது முக்கியம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் மோகனசங்கர் சிவப்பிரகாசமும் ஜெயராஜ் ஜோசப்பும் இன்னும் ஒருபடி மேலே போய்ப் படத்தையே தூக்கி எறிந்தார்கள். அவர்கள் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ் கருவி அல்ட்ராசவுண்டைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் திரையில் படம் விழாது. ஒற்றைக் கதிர் கழுத்துக்குள் போய்த் தமனியின் இரு சுவர்களிலும் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைக் கருவியே கண்டுபிடித்துக் கணக்குப் போடும். ஆறு மில்லிமீட்டர் அகலக் குழாய் இளவயதில் துடிப்புக்கு அரை மில்லிமீட்டர்போல விரியும். வயதும் ரத்த அழுத்தமும் ஏற ஏற அது விறைத்துப்போகும். அந்த விறைப்பு ஓர் எண்ணாக வரும். படம் இல்லாததால் படம் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கவேண்டிய தேவையும் இல்லை. பல தாலுகாக்களில் கதிரியல் மருத்துவர் ஒருவர்கூடக் கிடைக்காத நாட்டில் இதைவிட உருப்படியான யோசனை எது? ஆனால் பீரோவின் மேல் வைக்கக் கவர் தராத பரிசோதனையை நம் ஜனம் பரிசோதனையாக மதிக்குமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

கணினியிடம் படத்தைக் கொடுத்துவிடலாம் என்பது இப்போதைய பேச்சு. இந்தியாவில் சுமார் 20 மையங்களிலிருந்து திரட்டிய 3,13,318 மண்டைச் சி.டி.க்களை வைத்துக் கியூர் நிறுவனத்தார் நடத்திய ஆய்வு 2018இல் லான்செட்டில் வந்தது. ரத்தக்கசிவு, மண்டையோட்டு முறிவு, மூளை ஒருபக்கம் ஒதுங்கியிருத்தல், அழுத்தம் ஆகியவற்றை நிரல் நன்றாகவே பிடித்தது. இரவு இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்டு வருபவருக்கு இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். எல்லாம் படத்தில் இருப்பவை. எங்கள் பூக்கடைக்காரரின் கலங்கிய எல்லை அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு: நோய் இல்லாதவரின் படத்தில் ஏதாவது இருப்பது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எந்தக் குறையும் சொல்லாத 2,000 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், சராசரி வயது 63. 2007இல் வெளியான முடிவின்படி 7.2 சதவீதத்தினருக்கு மூளையில் எப்போதோ ஏற்பட்ட அடைப்பின் தழும்பு. அவர்களுக்கே தெரியாது. 1.8 சதவீதத்தினருக்கு ரத்தக்குழாயில் புடைப்பு. அந்தப் புடைப்பை என்ன செய்வது? தொட்டால் ஆபத்து, விட்டால் பயம். உச்சி முதல் உள்ளங்கால்வரை ஸ்கேன் என்று தீபாவளித் தள்ளுபடி அறிவிக்கும் விளம்பரத் தட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1.8தான் நினைவுக்கு வரும்.

படம் எடுக்கும் இடத்துக்குப் போகும் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர் தமிழ்நாட்டில் நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளை அமைத்து, சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸோடும் கோத்து, மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைத் தொடர்ந்தார்கள். ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இதுவும் படவியல் ஆராய்ச்சிதான் என்பேன். புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017இல். மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டியைப் பெற்ற ஊர் இது. அவர் 1912இல் பட்டம் வாங்கிய பிறகு நூறாண்டுக்குமேல் காத்திருந்தது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் படம் ஒன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. கருவின் மூளையைக் காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் அணு தெரியும் அளவுக்குப் படமெடுத்து, 5,132 சீவல்களைக் கோத்துத் தரணி என்று பெயரிட்டிருக்கிறார்கள். மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யில் ஒரு புள்ளி என்பது நுணுக்கமான படத்திலேயே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். மூளைப் பட்டையில் அந்தக் கனசதுரத்துக்குள் பல்லாயிரம் நரம்பணுக்கள். உயிருள்ள மூளையை ஒருநாளும் சீவ முடியாது என்பதால், சுத்தம் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை இப்படிப்பட்ட படங்களை அருகில் வைத்துக்கொண்டு ஊகிக்கத்தான் வேண்டும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு எங்கள் தெருவுக்கும் ஓர் அம்மா ரத்த அழுத்தக் கருவியோடு வருகிறார். பூக்கடைக்காரரின் தம்பி, ஐம்பது வயதுக்காரர், அண்ணனைப் பார்த்துப் பயந்து தனியாரில் மண்டை, கழுத்து, நெஞ்சு மூன்றுக்கும் படம் எடுத்து வைத்திருப்பவர், திண்ணையில் கையை நீட்டினார். 170க்கு 100. "போன வருஷமே சொன்னேனே மாமா, மாத்திரை போடுறீங்களா இல்லையா?" என்றார் அந்த அம்மா.

அவர் எழுந்து உள்ளே போய்க் கவர்களை எடுத்து வந்தார். "எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சும்மா, ஒண்ணும் இல்ல" என்றார்.